தமிழில் சொல்நிரப்பி தடுமாறும்போது: அறிகுறி வழியாகப் பிழை நீக்குதல்

மட்டக்களப்பு, கல்லடியில் உள்ள ஓர் அச்சகத்தில் திருமண அழைப்பிதழ்களும், சங்கங்களின் ஆண்டறிக்கைகளும், பிரதேச செயலகங்களுக்குப் போகும் கடிதங்களும் நாள் முழுவதும் தட்டச்சாகின்றன. அங்கு பாவிக்கப்படும் உரைத்தொகுப்பிக்கு, எழுதத் தொடங்கிய சொல்லுக்குப் பொருந்தும் சொற்களைப் பட்டியலிட்டு முடித்துத் தரும் சொல்நிரப்பியை எழுதிக் கொடுத்தவன் நான் என்பதால், அது செய்த குழப்பங்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவனும் நானே. ஆங்கிலத்தில் குறையின்றி ஓடிய அதே நிரலை அங்குள்ள மூத்த தட்டச்சாளர் ஒரு வாரம் பாவித்துவிட்டு, "தம்பி, நான் எழுதாததையெல்லாம் இது எழுதுது. மறுகா அத அழிக்கிறதே என்ட வேலையாக் கிடக்கு" என்றார். அந்த முறைப்பாட்டுக்குள் ஒன்றல்ல, ஏழெட்டுப் பிழைகள் ஒளிந்திருந்தன. தமிழுக்குச் சொல்நிரப்பி அமைப்பவர்கள் தம் திரையில் காணும் அறிகுறியை வைத்துக் காரணத்தைத் தேடிப் போகும்படி அவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன்.

எந்த அறிகுறியாயினும் முதலில் செய்ய வேண்டியது

தொகுப்பியின் அடிப்பட்டியில் நான்கு விடயங்கள் தெரியும்படி செய்துகொள்ளுங்கள்: கர்சருக்கு முன்னால் உள்ள கடைசி எட்டு யுனிகோட் குறியீடுகளின் எண்கள், சொல்நிரப்பி முன்னொட்டாக, அதாவது இதுவரை அடித்த சொல்லின் தொடக்கமாக, எடுத்துக்கொண்ட துண்டு, உள்ளீட்டு மென்பொருள் இன்னும் எழுத்தைக் கலந்துகொண்டிருக்கிறதா என்பது, கடைசியாக அனுப்பிய தேடலின் இலக்கம். இதற்கு இருபது வரி நிரல் போதும். இதைச் செய்யாமல் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை நம்பிப் பிழை தேடினால் அரை நாள் வீணாகும். எனக்கு இரண்டு நாட்கள் வீணாயின.

கண்ணை நம்ப முடியாததற்குக் காரணம் எளிது. 'மட்டக்களப்பு' என்ற சொல்லை நாம் எட்டு எழுத்துகளாக எண்ணுகிறோம். யுனிகோட்டில் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள் ஆகையால், நினைவகத்தில் அது 12 குறியீடுகள். யூடிஎஃப்-8 கோப்பில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளைப் பிடிப்பதால், வட்டில் அது 36 பைட்டுகள். 8, 12, 36 என்ற மூன்று எண்களில் எதை எந்த இடத்தில் பாவிக்கிறோம் என்பதைக் குழப்பிக்கொள்வதிலிருந்தே கீழே வரும் அறிகுறிகளில் பாதி பிறக்கின்றன.

அறிகுறி: பட்டியல் ஒவ்வொரு விசைக்கும் தோன்றித் தோன்றி மறைகிறது

ஆங்கில விசைகளை ஒலிப்படி அழுத்தித் தமிழ் எழுதுவோரிடம் மட்டும் இது தென்பட்டு, மெய் விசை அகரமேறிய எழுத்தையே தரும் தமிழ்99 விசைப்பலகையில் எழுதுவோரிடம் தென்படாவிட்டால், காரணம் புள்ளிதான்.

ஆங்கில 'எம்' விசையை அழுத்தியவுடன் திரையில் 'ம்' வருகிறது. அதாவது 2990, 3021 என்ற இரண்டு குறியீடுகள். அகராதியில் உள்ள 'மட்டக்களப்பு' 2990, 2975 என்று தொடங்குகிறது. இரண்டாம் இடத்தில் 3021உம் 2975உம் பொருந்தாததால் பட்டியல் வெறுமையாகி மூடிக்கொள்கிறது. அடுத்து 'ஏ' விசையை அழுத்தினால் புள்ளி நீங்கி 'ம' ஆகிறது. பட்டியல் திரும்பவும் திறக்கிறது. 'டி' விசையை அழுத்தினால் 'மட்', அது பொருந்துகிறது. மீண்டும் 'டி' அழுத்தினால் 'மட்ட்', அது பொருந்தவில்லை. எழுதுபவருக்கு இது கண்ணருகே மின்மினி பறப்பது போல் இருக்கும்.

தீர்வு ஒரு வரிதான்: முன்னொட்டு புள்ளியில் முடிந்தால், தேடுவதற்கு மட்டும் அந்தப் புள்ளியை நீக்கிவிட வேண்டும். 'மட்ட்' என்பதை 'மட்ட' என்று தேடினால் மட்டக்களப்பும் கிடைக்கும், மட்டமும் கிடைக்கும். புள்ளியோடு அப்படியே பொருந்தும் சொற்களும் அதற்குள் அடங்கிவிடும், அவற்றை மேலே வைத்தால் போதும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. எழுத்து எழுத்தாக ஒப்பிடுவதே நாகரிகம் என்று எண்ணி, 'ட்' என்பதை ஒரே அலகாகவும் 'ட' என்பதை வேறோர் அலகாகவும் கொண்டு முன்னொட்டுத் தேடலை அமைத்தீர்களானால், அதுவரை குறைபாடின்றி எழுதிக்கொண்டிருந்த தமிழ்99காரருக்கும் பட்டியல் மறையத் தொடங்கும். அவர் 'மட' என்று எழுதி நிற்கும்போது அடுத்து வரவிருப்பது 'மட்ட' என்பது அந்த ஒப்பீட்டுக்குத் தெரியாது. கர்சரை நகர்த்துவதற்கும் அழிப்பதற்கும் எழுத்து அலகு சரி. முன்னொட்டைத் தேடுவதற்குக் குறியீட்டு அலகே சரி.

புள்ளியைத் திருத்திய பின்னும் சில சொற்களில் மின்னல் நிற்காவிட்டால், குறில் நெடிலைப் பாருங்கள். 'கோறளைப்பற்று' எழுத முனைபவர் ஒலிமுறையில் முதலில் 'கொ' என்பதைக் கடந்தே 'கோ'வை அடைகிறார். அந்த இடைநிலையில் குறியீடு 3018. அகராதியில் இருப்பதோ 3019. ஆகவே பட்டியலில் கொக்கட்டிச்சோலை மட்டும் நின்று, அடுத்த விசையில் அது மறைந்து கோறளைப்பற்று தோன்றும். 'ஏறாவூர்', 'ஆரையம்பதி' போன்றவற்றில் முதலெழுத்து உயிராக இருப்பதால் எ-ஏ, அ-ஆ மாற்றத்திலும் இதுவே நடக்கும். 'க' என்பதிலிருந்து 'கா'வுக்குப் போகும்போது மட்டும் இது நடக்காது, ஏனெனில் அங்கே குறி மாறுவதில்லை, புதிதாக ஒன்று சேருகிறது. முன்னொட்டின் கடைசிக் குறியீட்டுக்கு மட்டும் குறிலையும் நெடிலையும் ஒன்றாகக் கருதித் தேடினால் இது அடங்கும். சொல்லின் நடுவில் அப்படிக் கருத வேண்டாம். நடுவில் இருப்பதை எழுதுபவர் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார். ல, ள, ழ மயக்கத்தையும் இங்கேயே தீர்க்கலாமே என்ற ஆசை வரும். அது எழுத்துப்பிழை திருத்தியின் வேலை. சொல்நிரப்பிக்குள் அதைக் கொண்டுவந்தால் பட்டியல் சந்தை ஆகிவிடும்.

அறிகுறி: சொல் அகராதியில் இருக்கிறது, ஆனால் பட்டியலில் வருவதே இல்லை

அடிப்பட்டியில் எண்களைப் பாருங்கள். 'கொ' என்பதில் 3018 என்ற ஒற்றைக் குறி இருக்கலாம்; அல்லது கொம்பாகிய 3014உம் காலாகிய 3006உம் அடுத்தடுத்து இருக்கலாம். இரண்டும் திரையில் ஒன்றே, யுனிகோட் தரமும் இரண்டையும் சமமானவை என்றே சொல்கிறது, ஆனால் வெறும் ஒப்பீட்டுக்கு அவை வேறு வேறு. தட்டச்சுப்பொறி முறையில் கொம்பையும் காலையும் தனித்தனியே அடித்துப் பழகியோருக்கான சில உள்ளீட்டு மென்பொருட்கள் இரண்டாவது வடிவத்தை விட்டுச் செல்கின்றன. அகராதியையும் முன்னொட்டையும் என்எஃப்சி எனப்படும் இயல்பாக்க வடிவத்துக்கு மாற்றிய பின் ஒப்பிட்டால் சொல் வந்துவிடும்.

ஆனால் இந்தத் திருத்தமே அடுத்த பிழையைப் பெற்றெடுக்கும். பாவனையாளர் 'கொக்' வரை எழுதியிருக்கிறார். ஆவணத்தில் அது க, கொம்பு, கால், க, புள்ளி என ஐந்து குறியீடுகள். இயல்பாக்கிய பின் அது நான்கு. தெரிவை ஏற்கும்போது இயல்பாக்கிய நீளத்தை வைத்து நான்கு குறியீடுகளை மட்டும் பின்னோக்கி அழித்தால் முதல் 'க' தப்பிவிடும்; திரையில் 'ககொக்கட்டிச்சோலை' என்று வந்து நிற்கும். எமது அச்சகத்தில் இந்தத் திக்குவாய்ச் சொல் ஒரு கோவில் திருவிழா அழைப்பிதழின் மாதிரிப் படி வரைக்கும் போய்விட்டது. தேடுவதற்கு இயல்பாக்கிய படியையும், அழிப்பதற்கு ஆவணத்தில் உள்ள அசல் நீளத்தையும் பாவிக்க வேண்டும்.

என்எஃப்சி தீர்க்காத ஒன்றும் உண்டு. காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வரும் ஆவணங்களில் 'மௌலவி' என்ற சொல் அடிக்கடி வரும். அதன் முதலெழுத்துக்குரிய குறி 3020. ஆனால் பலர் கொம்பையும் மகரத்தையும் அடித்த பிறகு 'ள' என்ற மெய்யெழுத்தின் விசையையே அழுத்துகிறார்கள், வருவது 'மெளலவி'. எழுத்துரு இரண்டையும் ஏறத்தாழ ஒன்றாகவே காட்டுகிறது, ஆனால் யுனிகோட்டுக்கு இவை சமமானவை அல்ல. தேடலுக்கான சாவியில், அதாவது ஒப்பிடுவதற்கு எடுக்கும் படியில், மட்டும் கொம்பையடுத்து வரும் 'ள'வை ஔகாரக் குறியாகக் கருதலாம்; அந்த 'ள'வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் கருதக் கூடாது, இல்லாவிட்டால் வெள்ளமும் தெளிவும் கெட்டுப்போகும். ஆவணத்தில் இருப்பதைத் தொடவே வேண்டாம். இணையத்திலிருந்து ஒட்டிய உரையில் அகலமற்ற இணைப்பு நீக்கி, அதாவது 8204, ஒளிந்திருக்கும். அதையும் சாவியிலிருந்து களைந்துவிடுங்கள்.

அறிகுறி: முழுச் சொல்லையும் விட்டு வால் துண்டை மட்டும் பிடிக்கிறது

அடிப்பட்டியில் முன்னொட்டு என்று ஓர் எழுத்து மட்டும் தெரிந்தால், சொல் எல்லையைக் கண்டுபிடிக்கும் ரெகெக்ஸ், அதாவது எழுத்துக் கோலங்களைத் தேடும் விதிக்கோவை, தான் குற்றவாளி. யுனிகோட் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் 'எழுத்து' வகையில் வைக்காமல் 'குறி' வகையில் வைத்திருக்கிறது. எழுத்து வகையை மட்டும் கேட்டால் மட்டக்களப்பு 'மட', 'டக', 'களப', 'ப' என நான்காக உடையும். ஜாவாஸ்கிரிப்டின் 'டபிள்யூ' குறுக்குறி ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், அடிக்கோடு தவிர வேறெதையும் சொல்லாகவே எண்ணாது. பைத்தனின் 'ஆர்ஈ' தொகுதி தமிழ் எழுத்தை ஏற்றுக்கொண்டு குறியில் தடுக்கி விழும். எழுத்து, குறி ஆகிய இரு வகைகளையும் இலக்கங்களையும் 8204ஐயும் சேர்த்து எழுதுங்கள். வேறெதுவும் தேவையில்லை.

அறிகுறி: முன்னொட்டு இரட்டிக்கிறது

'மட்' என்று எழுதித் தெரிவை ஏற்றவுடன் 'மட்மட்டக்களப்பு' என்று வந்தால், கலவை நிலையில் உள்ள எழுத்தின் மீது கை வைத்திருக்கிறீர்கள். உள்ளீட்டு மென்பொருள் இன்னும் முடிக்காமல் வைத்திருக்கும் துண்டு, ஆவணத்தில் தெரிந்தாலும் அந்த மென்பொருளுக்கே உரியது. அதை நீங்கள் மாற்றினால், அது தன்னிடமுள்ள படியைப் பின்னர் மறுபடியும் கொண்டுவந்து கொட்டும்.

இதற்குப் பலர் செய்யும் வைத்தியம், கலவை முடியும் வரை பட்டியலையே காட்டாதிருப்பது. மேசைக் கணினியில் அது ஓரளவு சரிவரும். கைபேசியில் பல விசைப்பலகைகள் முழுச் சொல்லையும் ஒரே கலவையாக வைத்திருந்து, இடைவெளி அடிக்கும்போதுதான் முடிக்கின்றன. அப்போது நிரப்புவதற்குச் சொல்லே எஞ்சியிராது. ஆகவே பட்டியலைக் காட்டுங்கள், தேடுங்கள். செருகுவதை மட்டும் ஒத்திவையுங்கள். தெரிவை ஏற்றால் முதலில் கலவையை முடிக்கச் செய்து, முடிந்தது என்ற நிகழ்வு வந்த பிறகு, முன்னொட்டின் எல்லையைப் புதிதாக அளந்து செருக வேண்டும். உலாவியில் ஓடும் தொகுப்பியானால், கலவையில் இருப்பதைக் காட்டும் கொடியை மட்டும் நம்பாமல் விசை எண் 229ஆக வருகிறதா என்றும் பாருங்கள். சஃபாரியில் கலவை முடிந்த நிகழ்வு முந்திக்கொள்வதால் கொடி ஏமாற்றும்.

அறிகுறி: புதிய வரி கேட்டால் சொல் வந்து விழுகிறது

மூத்த தட்டச்சாளரின் கோபத்தில் பெரும் பங்கு இதற்குரியது. முகவரியை எழுதும்போது ஒவ்வொரு வரியின் ஈற்றிலும் என்டர் அடிக்கிறார். 'கல்லடி' என்று எழுதி முடித்த கணத்தில் 'கல்லடிப்பாலம்' என்ற பட்டியல் திறந்திருந்தால், என்டர் அதை எடுத்துக்கொள்கிறது. அவர் கண் திரையில் இல்லை, கைப்பிரதியில் இருக்கிறது. பட்டியல் திறந்ததையே அவர் அறியார்.

நிரலாளர்களுக்கான தொகுப்பிகள் இதை வெவ்வேறு விதமாகக் கையாளுகின்றன. கோட்மிரர் 6, பட்டியல் திறந்த முதல் 75 மில்லி நொடிகளுக்கு அதற்குரிய விசைகளைப் பட்டியலுக்குக் கொடுப்பதில்லை. பார்க்கும் முன் அழுத்தப்பட்ட விசை தெரிவாகக் கூடாது என்பது அதன் நியாயம். விஷுவல் ஸ்டூடியோ கோட், என்டரால் ஏற்பதை முழுதாக வைக்கவும், நிறுத்தவும், உரையில் மாற்றம் வருமாயின் மட்டும் ஏற்கவும் என மூன்று நிலைகளைத் தருகிறது. கைப்பிரதி பார்த்து எழுதுவோருக்கு இவை போதா என்பது என் தீர்மானம். எமது தொகுப்பியில் என்டர் என்றால் எப்போதும் புதிய வரி; மேல், கீழ் அம்பு விசையால் பாவனையாளர் பட்டியலுக்குள் இறங்கியிருந்தால் மட்டும் அது தெரிவு. இறங்காமலே ஏற்பதற்கு டேப் இருக்கிறது. காற்புள்ளி, முற்றுப்புள்ளி, இடைவெளி ஆகிய மூன்றும் எந்த நிலையிலும் எதையும் ஏற்கக் கூடாது. ஏற்ற பின் செயலை ஒரே ஒரு முறை நீக்கினால் (அன்டூ), எழுதுபவர் தம் கையால் அடித்த முன்னொட்டு அப்படியே திரும்ப வேண்டும். இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தால் அதையும் பிழையாகவே பதிவு செய்யுங்கள்.

அறிகுறி: ஏற்ற சொல்லின் ஈற்றை ஒவ்வொரு முறையும் அழிக்க வேண்டியிருக்கிறது

ஆங்கிலத்துக்கு எழுதிய சொல்நிரப்பிகள் எதிர்பாராத இடம் இது. கடிதத்தில் 'மட்டக்களப்பு' என்ற வெறும் பெயர் அருகியே வரும். வருவது மட்டக்களப்பில், மட்டக்களப்பின், மட்டக்களப்புக்கு. முதலிரண்டிலும் ஈற்று உகரம் போய்விடுகிறது. 'கல்முனை' யகரம் பெற்றுக் 'கல்முனையில்' ஆகிறது, 'ஏறாவூர்' புள்ளியை இழந்து 'ஏறாவூரில்' ஆகிறது. ஏற்றவுடன் தானாக இடைவெளி விடும் வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். தமிழில் சொல் அங்கே முடிவதில்லை.

அடுத்தது, ஒலிமுறையில் எழுதுவோருக்கு வரும் 'ஏறாவூர்இல்'. செருகியது தொகுப்பி ஆகையால், முன்னால் 'ர்' நிற்பது உள்ளீட்டு மென்பொருளுக்குத் தெரியாது. அது புதுச் சொல் தொடங்குவதாக எண்ணித் தனி உயிராகிய 'இ'யைத் தருகிறது. இதற்கு நான் முதலில் புணர்ச்சி விதிகளை நிரலாக எழுதினேன். உகரத்தில் முடிந்தால் உகரத்தைக் கெடு என்றேன். காரைதீவு 'காரைதீவில்' என்று ஒழுங்காக வந்தது, ஆனால் 'பசு'வுக்கும் அதே விதி பாய்ந்து 'பசில்' என்று வந்தது. அதன் பின் விதியை எறிந்துவிட்டு, அகராதியின் ஒவ்வொரு பெயர்ச்சொல்லோடும் அது உயிரோடு சேரும் வடிவத்தையும் பதிந்து வைத்தேன்: ஏறாவூர், ஏறாவூர, கல்முனை, கல்முனைய, பசு, பசுவ. ஏற்ற கணத்துக்கு அடுத்த விசை தனி உயிராக வந்தால் மட்டும், அந்தச் சேர்க்கை வடிவத்தின் மீது உயிர்க்குறி ஏறுகிறது. வேறெந்த விசை வந்தாலும், கர்சர் நகர்ந்தாலும், அந்த வாய்ப்பு முடிந்துவிடும்.

இதையும்விட எளிய வழி, வேற்றுமை ஏற்ற வடிவங்களையே பட்டியலில் காட்டுவது. அவற்றை இலக்கணத்திலிருந்து உற்பத்தி செய்யாமல், அச்சகத்தின் பழைய கோப்புகளில் உண்மையாக வந்தவற்றிலிருந்து எடுத்தோம். ஒரு வடிவம் மூன்று வெவ்வேறு கோப்புகளில் வந்திருந்தால்தான் பட்டியலில் சேர்க்கிறோம். இந்த எல்லை இல்லாவிட்டால், ஒருவர் ஒருமுறை செய்த எழுத்துப்பிழையைச் சொல்நிரப்பி மனப்பாடம் செய்து எல்லோருக்கும் கற்பித்துவிடும்.

அறிகுறி: தமிழ் வரியில் மட்டும் சொல் தவறான இடத்தில் செருகப்படுகிறது

வரியில் முன்னால் தமிழ் கூடக் கூட, செருகும் இடம் வலப்பக்கம் விலகிப் போனால், ஒரு பகுதி பைட்டுகளிலும் மற்றொரு பகுதி யூடிஎஃப்-16 அலகுகளிலும் இடத்தை எண்ணுகின்றன. ஆங்கில வரியில் இரண்டும் ஒன்றே என்பதால் சோதனையில் அகப்படாது. தொகுப்பியும் அதற்குச் சொல் தரும் நிரலும் பேசிக்கொள்ளும் நெறிமுறையாகிய லாங்வேஜ் சர்வர் புரோட்டோகாலில் இடம் யூடிஎஃப்-16 அலகில்தான் எண்ணப்பட்டது, 3.17ஆம் பதிப்பிலிருந்துதான் இரு தரப்பும் வேறு அலகைப் பேசித் தீர்மானிக்கலாம். வரியின் தொடக்கத்தில் 'மட்டக்களப்பு' என்று எழுதி, அதன் பின்னால் செருகிப் பாருங்கள்: விலகல் சரியாக 24 ஆக இருந்தால், 12க்குப் பதில் 36 போயிருக்கிறது.

பட்டியல் சரியான இடத்தில் வந்தும் பழைய முன்னொட்டுக்குரிய சொற்களைக் காட்டினால், தாமதமாக வந்த பதில் புதியதை மூடிவிட்டது. தேடல் இலக்கத்தை ஒப்பிட்டுப் பழையதைத் தள்ளுங்கள்.

அறிகுறி: பட்டியலில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கூட்டங்கள் வருகின்றன

திறந்திருப்பது பாமினிக் கோப்பு. இலங்கையில் பல ஆண்டுகள் இந்த எழுத்துருவிலேயே தட்டச்சு நடந்ததால், பழைய கோப்பு எதைத் திறந்தாலும் இது எதிர்ப்படும். அதில் 'அம்மா' என்பது உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் ஆகிய ஐந்து ஆங்கிலக் குறிகள். புள்ளியின் இடத்தில் இருப்பது அரைப்புள்ளி என்பதால் சொல் எல்லையும் அங்கே முறிகிறது. இதற்குள் சொல்நிரப்பியைச் சரிசெய்ய முயல வேண்டாம். எழுத்துருவின் பெயரைக் கண்டவுடன் அதை அணைத்து, கோப்பை யுனிகோட்டுக்கு மாற்றிய பிறகு திறக்கச் சொல்லுங்கள். அந்தக் கோப்பிலிருந்து சொற்களைக் கற்பதையும் நிறுத்துங்கள்.

அறிகுறி: நிரல் எல்லாம் சரி, ஆனால் தவறான சொல் தெரிவாகிவிடுகிறது

மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. அவற்றில் ஐந்து மண்முனையிலும் ஐந்து கோறளைப்பற்றிலும் தொடங்குகின்றன. 'மண்' என்று எழுதியவுடன் மண்முனை வடக்கு, மண்முனை மேற்கு, மண்முனை தென்மேற்கு, மண்முனைப்பற்று, மண்முனை தெற்கு எருவில் பற்று என்று வரிசையாக நிற்கும். அடிக்கடி பாவித்ததை மேலே ஏற்றும் வழமையான விதி இங்கே கேடு செய்கிறது: காலையில் வடக்கு முதலில் இருந்தது, மத்தியானம் மேற்கு முதலில் வந்துவிட்டது, விரலோ காலையில் பழகியபடி டேப் அடிக்கிறது. எழுத்துப்பிழையானால் மெய்ப்புப் பார்ப்பவர் பிடித்துவிடுவார். இது பிழையற்ற சொல், வேறோர் அலுவலகத்தின் பெயர். கடிதம் மட்டக்களப்பு நகருக்குப் போக வேண்டியது வவுணதீவுக்குப் போய்விடும்.

இந்தப் பெயர்களுக்கு மட்டும் கற்றலை நிறுத்தி, வரிசையை என்றும் மாறாததாக நிலைப்படுத்தினோம். முதல் தெரிவு தானாக ஒளிர்வதையும் எடுத்துவிட்டோம். அம்பு விசையால் இறங்கித் தெரிந்தால்தான் டேப் ஏற்கும். பெயருக்கு வலப்புறம் அலுவலகம் இருக்கும் ஊரையும் சிறிய எழுத்தில் காட்டுகிறோம். மூத்த தட்டச்சாளர் மற்ற எல்லாச் சொற்களுக்கும் சொல்நிரப்பியை அணைத்துவிட்டு, இந்த 14 பெயர்களுக்கு மட்டும் அதை வைத்திருக்கிறார்.